"நல்லாத்தான் இருக்கோம்" – இந்தச் சாட்சி யாருக்கு உதவுகிறது?

அருள்புரத்தில் பல்லடம் சாலையை ஒட்டிய ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமை வாங்கிய வாரக்கூலியில் கடனும் சீட்டும் வாடகையும் போக மிச்சம் என்ன என்று கணக்குப் பார்த்துக் கொண்டிருந்தார்கள் பனியன் தொழிலாளர்கள் பத்துப் பேர். பத்திரிகை விற்கப் போன நம்மைப் பார்த்ததும் ஒரு கட்டிங் மாஸ்டர் கேட்டார். பல வருஷமாகச் சங்கத்தில் சந்தா கட்டுகிறவர், நல்ல தோழர்.

"மாதர் பிரச்சினை, மாதர் பிரச்சினைன்னு விடாம எழுதறீங்களே தோழர்! உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணினதுல ஆம்பளையைவிடப் பொம்பளைதான் திருப்தியா இருக்கறாளாம். பேப்பர்ல போட்டிருக்கறானுங்க. அப்புறம் யாருக்காகப் போராட்டம்?"

டீக்கடை முழுவதும் சிரித்தது. பின்பக்கம் கிளாஸ் கழுவிக் கொண்டிருந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

இந்தக் கேள்வி அந்தத் தோழர் ஒருவரின் கேள்வி அல்ல. முதலாளிமார்கள் சபையிலும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்: "பெண்கள் பொறுமைசாலிகள், கிடைத்ததில் திருப்தி அடைகிறவர்கள், அவர்களைக் கெடுப்பது சங்கக்காரர்கள்தான்." முதலாளி சொல்வதும் நமது தோழர் சொல்வதும் ஒன்றாக இருக்குமானால், எங்கோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோளாறு எங்கே என்று பார்ப்போம்.

ஆராய்ச்சி உண்மையில் என்ன சொல்கிறது?

ஆராய்ச்சியைப் பொய் என்று நாம் தள்ளவில்லை. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை ஜனங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது. "ஓர் ஏணியை நினைத்துக் கொள்ளுங்கள். மேல் படி பத்து. உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை அது. கீழ்ப்படி சைபர், உங்களுக்கு வரக்கூடிய மிகக் கேடான வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்?" சொல்லும் எண்ணைக் கூட்டிச் சராசரி பார்த்து நாடுகளை வரிசைப்படுத்துகிறார்கள். 2025ஆம் வருஷ வரிசையில் 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118ஆம் இடம்.

இந்த ஏணிக் கேள்விக்குப் பல நாடுகளில் பெண்கள் ஆண்களுக்குச் சமமான படியைச் சொல்கிறார்கள். சில இடங்களில் சற்று மேலான படியையும் சொல்கிறார்கள். இதுவரை பேப்பர்காரன் சொன்னது சரி.

ஆனால் அவன் பாதியோடு நிறுத்தி விட்டான். அதே பெண்களிடம் "நேற்று கவலைப்பட்டீர்களா? சோகம் இருந்ததா? உடம்பு வலித்ததா?" என்று கேட்டால், "ஆமாம்" என்று சொல்வதில் பெண்களே முன்னால் நிற்கிறார்கள். மனச்சோர்வு நோயும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்று வைத்திய சாஸ்திரம் சொல்கிறது.

இது எப்படி? நேற்றைய நாளைக் கேட்டால் கவலை, சோகம், வலி. மொத்த வாழ்க்கையைக் கேட்டால் திருப்தி! இந்த முடிச்சை அவிழ்க்காமல் "பெண்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று தலைப்புப் போடுவது ஆராய்ச்சியல்ல, பிரசாரம்.

கேள்வியிலேயே ஒரு வார்த்தை இருக்கிறது, கவனியுங்கள்: "உங்களுக்கு" அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. முதலாளிக்கு அமைந்த வாழ்க்கை அல்ல, கணவனுக்கு அமைந்த வாழ்க்கையும் அல்ல. உனக்கு எவ்வளவு உயர ஏணி என்று உன் மனதில் இருக்கிறதோ அந்த ஏணி. பிறந்த நாள் முதல் "உனக்கு இவ்வளவுதான்" என்று சொல்லியே வளர்த்தவளிடம் உள்ள ஏணி நாலுபடி ஏணி. அதில் மூன்றாம் படியில் நிற்பவள் உச்சிக்குப் பக்கத்தில் நிற்பதாகத்தான் சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை. ஏணியை வெட்டியவன் யார் என்பதுதான் கேள்வி.

லைன் வீட்டில் கேட்டோம்

அந்த ஞாயிற்றுக்கிழமையே அருள்புரத்தில் ஒரு லைன் வீட்டு வரிசைக்குப் போனோம். எட்டு வீட்டுக்கு ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். துணி துவைக்கும் கல்லைச் சுற்றி ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். செக்கிங், கைமடி, பேக்கிங் வேலை பார்ப்பவர்கள். "எப்படி இருக்கீங்க அம்மா?" என்று கேட்டோம்.

"நல்லாத்தானுங்க இருக்கறோம்."

ஒருவர் விடாமல் எல்லோருக்கும் இதே பதில். பேப்பர்காரன் இந்த இடத்தில் நோட்டை மூடிக் கொண்டு போயிருப்பான். நாம் இன்னொரு கேள்வி கேட்டோம்: "நேத்து எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?"

நாலரை மணிக்கு. ஏன்? ஐந்தரைக்குக் குழாயில் கூட்டம் வந்துவிடும். தண்ணீர், சமையல், குழந்தைக்குச் சாப்பாடு, புருஷனுக்கு டப்பா. எட்டு மணிக்குக் கம்பெனி வேன். எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்டு. நின்றுகொண்டே செக்கிங். ஒன்பது மணிக்கு வீடு. மறுபடி அடுப்பு, பாத்திரம். படுக்கும்போது பதினொன்றரை.

"உடம்பு எப்படிம்மா?"

"அதுக்கென்னங்க, காலு வீங்குது. இடுப்பு புடிக்குது. எல்லாருக்கும் இருக்கறதுதானுங்களே."

"அப்புறம் நல்லாயிருக்கோம்னு சொன்னீங்களே?"

நடுவயதுக்காரர் ஒருவர் தலை நிமிர்ந்து சொன்னார்: "எங்கம்மா தோட்டத்துல பண்ணையம் பாத்துக்கிட்டு பழைய சோத்துக்கும் கும்புட்டு நின்னவங்க. அவங்க பட்ட பாட்டுக்கு நான் எவ்வளவோ தேவலைங்க. கையில வாரம் காசு பாக்கறேன். பையன் படிக்கறான். இதுக்கு மேல என்னங்க வேணும்?"

தோழர்களே, விஷயம் இதுதான். அந்தப் பெண் தன் வாழ்க்கையை அளப்பது தன் தாயின் வாழ்க்கையைக் கொண்டு. கட்டிங் மாஸ்டர் தன் வாழ்க்கையை அளப்பது எதைக் கொண்டு? தன்னோடு கைமடியாக வேலைக்குச் சேர்ந்து, பவர்டேபிள் போட்டு, காண்ட்ராக்ட் எடுத்து, இன்று காரில் போகிறவனைக் கொண்டு! இவர் "எனக்குத் திருப்தியில்லை" என்கிறார். அவள் "எனக்குத் திருப்தி" என்கிறாள். இவர் அளவுகோலுக்கு நீளம் அதிகம். அவள் அளவுகோல் குட்டை. இரண்டு அளவுகோலால் அளந்துவிட்டு, "அவள் துணிதான் நீளம்" என்று சொல்லும் கடைக்காரனை நாம் என்ன செய்வோம்?

இன்னொன்றையும் கவனித்தோம். "நீங்கள் எப்படி?" என்று கேட்டால் அவர்கள் பேசுவது பையனைப் பற்றி, பெண்ணின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, புருஷன் இந்த வாரம் குடிக்காமல் வந்ததைப் பற்றி. வீட்டில் மற்றவர்கள் நன்றாக இருந்தால் தானும் நன்றாக இருப்பதாகப் பதில். தனக்கென்று ஒரு கணக்கே அங்கே கிடையாது.

சிங்கூர் சொல்லும் பாடம்

இது அருள்புரத்துக் கதை மட்டுமல்ல. 1944ஆம் வருஷம், லட்சக்கணக்கான மக்களைப் பலிகொண்ட வங்கப் பஞ்சத்துக்கு மறு வருஷம், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் அகில இந்திய சுகாதார ஸ்தாபனம் ஒரு கணக்கெடுத்தது. மனைவியை இழந்த ஆண்களையும் கணவனை இழந்த பெண்களையும் "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டது.

நோய் என்றோ, உடம்பு சுமார் என்றோ சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 48.5. அப்படிச் சொன்ன விதவைகள் நூற்றுக்கு 2.5 மட்டுமே! "சுமார்" என்று மட்டும் சொன்னவர்களைத் தனியே எடுத்தால், ஆண்கள் நூற்றுக்கு 45.6. பெண்கள்? ஒருவர்கூட இல்லை, சைபர்!

பஞ்சம் கழிந்த வங்கத்தில், மீன் விலக்கி, ஒரு வேளைச் சோற்றோடு மூலையில் உட்கார வைக்கப்பட்ட விதவைகளுக்கு உடம்பு இரும்பாக இருந்ததாம், ஆண்களுக்குத்தான் நோவாம்! இதை நம்புகிறவன் உண்டா? பின்னால் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி உலகத்துக்கு ஒரு விஷயத்தை விளக்கினார். நிரந்தரமாக இல்லாமையில் வாழ்பவன் தன் ஆசையையே இல்லாமைக்குத் தக்கபடி சுருக்கிக் கொள்கிறான். ஆகவே அவன் மனத் திருப்தியை வைத்து அவன் வாழ்வை அளப்பது நியாயமாகாது. இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

பண்ணையாளாக இருந்த நம் விவசாயத் தொழிலாளிக்கு இது புதிய பாடமா? "எஜமான் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம்" என்று கைகட்டிச் சொல்லாத பண்ணையாள் ஒரு காலத்தில் உண்டா? அந்தச் சாட்சியை எழுதி வைத்து, "தஞ்சைப் பண்ணையாட்கள் திருப்தியாக இருந்தார்கள்" என்று இன்று ஒருவன் சரித்திரம் எழுதினால் நாம் சும்மா விடுவோமா? பண்ணையாள் விஷயத்தில் நமக்குப் புரிவது, பெண் விஷயத்தில் மட்டும் ஏன் புரியவில்லை?

மனதைக் கேட்காதே, நிமிஷத்தை எண்ணு

மனம் பழகிப்போகும். கடிகாரம் பழகாது, ரத்தமும் பழகாது. அவற்றைக் கேட்போம்.

2024ல் மத்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் அதில் ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிஷம். வீட்டு வேலை செய்கிற ஆண் செலவிடுவது 88 நிமிஷம். வித்தியாசம் 201 நிமிஷம். வாரத்துக்குப் போட்டால் 23 மணி நேரத்துக்கு மேல். ஏறத்தாழ மூன்று முழு ஷிப்டு! குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக் கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை. அதைக் கேட்டால் பெண்ணுக்கு 137 நிமிஷம், ஆணுக்கு 75.

இதிலும் ஒரு சூது இருக்கிறது. அந்த 88 நிமிஷம் வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே. துடைப்பத்தைத் தொடாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் எத்தனை பேர்? 2019ல் எடுத்த இதே கணக்கெடுப்பில், ஒரு நாளில் வீட்டு வேலை செய்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர்.

1923ல் சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். எட்டு மணி நேர வேலைக்காக அன்று முதல் நூறு வருஷம் போராடியிருக்கிறோம். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைத் தமிழகச் சட்டசபையில் நிறைவேற்றியபோது சங்கங்கள் எல்லாம் எழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் ஆயிற்று. நல்ல வெற்றி! ஆனால் அந்த எட்டு மணி நேரம் இன்னும் நம் வீட்டுச் சமையலறை வாசற்படியைத் தாண்டவில்லையே, ஏன்?

ரத்தத்தைக் கேட்போம். 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தச் சோகை. ஆண்களில் 25 பேருக்கு. தமிழகத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தச் சோகை உண்டு. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார் என்று டாக்டர் கேட்க வேண்டியதே இல்லை; ரத்தமே சொல்லிவிடுகிறது.

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் கேட்டது: "மனைவியைக் கணவன் அடிப்பது சில காரணங்களுக்காக நியாயமா?" நியாயம் என்று சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 44, பெண்கள் 45! அடிக்கிறவனைவிட அடிபடுகிறவளே அதிகம் "சரி" என்கிறாள். அவள் "சரி" என்றதால் அடி நியாயமாகி விடுமா? அப்படியானால் "திருப்தி" என்றதால் மட்டும் வாழ்க்கை எப்படி நியாயமாகும்?

திருப்தியால் லாபம் யாருக்கு?

யாருக்கும் லாபமில்லாத பொய் நீண்ட நாள் உயிரோடிருக்காது. இந்தப் பொய்யின் லாபக் கணக்கு திருப்பூரில் நம் கண் முன்னே இருக்கிறது.

1984ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் நின்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதற்குப் பின் முதலாளிமார்கள் என்ன பாடம் கற்றார்கள்? பெரிய கம்பெனியைச் சின்னச் சின்னதாகப் பிரித்தார்கள். காண்ட்ராக்டும் பீஸ் ரேட்டும் பரவின. ஏற்றுமதி பெருகப் பெருகக் கிராமங்களிலிருந்து பெண்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள். பெண்ணுக்கு நியாயம் செய்வதற்காகவா? அல்ல! "கேட்க மாட்டார்கள், குறைந்த கூலிக்கு நிற்பார்கள்" என்ற கணக்கில்தான். கட்டிங், பேட்லாக் பெரும்பாலும் ஆணுக்கு. பிசிறு வெட்டுவது, செக்கிங், கைமடி பெண்ணுக்கு. ஒரே துணியில் இருவர் கையும் படுகிறது. கூலி மட்டும் ஒன்றல்ல. 2024–25ல் திருப்பூர் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குச் சரக்கு ஏற்றுமதி செய்தது. அந்தக் கோடிகளுக்குள் பெண்ணின் "திருப்தி" எத்தனை கோடி என்று முதலாளிமார்கள் கணக்குக் காட்டுவார்களா?

இதைவிட வெட்கக்கேடான சாட்சி சுமங்கலித் திட்டம். மேற்குத் தமிழகத்து நூற்பாலைகளில் பதினைந்து, பதினாறு வயது ஏழைப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஹாஸ்டலில் வைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்று ஆசைகாட்டி வேலை வாங்கினார்கள். கேம்ப் கூலி என்று ஜனங்கள் சரியாகவே பெயர் வைத்தார்கள். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961 முதல் சட்டப்படி குற்றம்; அந்தக் குற்றத்தையே வேலைக்கு இழுக்கும் தூண்டிலாக்கினார்கள்! அந்தப் பெண்களை அதிகாரிகள் வந்து கேட்டபோது என்ன சொன்னார்கள்? "நல்லாத்தான் சார் இருக்கோம்." சூபர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? கடைசித் தொகை முதலாளியின் பெட்டியில் இருக்கும்போது வாய் எப்படித் திறக்கும்?

கண் திறந்தால் சந்தோஷம் போய்விடுமா?

பிற்போக்காளர்களிடம் இன்னொரு அம்பு உண்டு. 2009ல் பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வோல்பர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1970களில் அமெரிக்கப் பெண்கள் ஆண்களைவிட அதிகத் திருப்தி சொன்னார்கள். பின்னால் படிப்பும் வேலையும் உரிமையும் கூடியபோது அந்தத் திருப்தி ஆண்களோடு ஒப்பிடக் குறைந்துவிட்டது என்று கண்டார்கள். உடனே அங்குள்ள பிற்போக்குக் கூட்டம் குதித்தது: "பார்த்தீர்களா! சமத்துவம் பெண்ணின் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டது. அடுப்படிக்குத் திரும்புங்கள்!"

நாம் கேட்கிறோம்: ஆலைக்குப் போன பெண்ணின் வீட்டு வேலையை யார் எடுத்துக் கொண்டார்கள்? பிரசவத்துக்குக் கூலியோடு லீவு தரும் தேசியச் சட்டம்கூட இல்லாத நாடு அமெரிக்கா. வெளியே ஒரு ஷிப்டு, உள்ளே ஒரு ஷிப்டு. ஆண்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்கிறவள் இனித் தன்னைத் தன் தாயோடு ஒப்பிட மாட்டாள். பக்கத்தில் நிற்கும் ஆணோடு ஒப்பிடுவாள். அவள் ஏணி நீண்டுவிட்டது. நிற்கும் படி அதேதான். இப்போதுதான் மேலே எத்தனை படி பாக்கி என்று தெரிகிறது. இது கேடல்ல. கூலி உயர்வு கேட்கத் தொடங்கிய தொழிலாளி, கேட்கத் தெரியாத தொழிலாளியைவிட அதிருப்தியோடுதான் இருப்பான். அதற்காகச் சங்கத்தைக் கலைத்து விடுவோமா?

கிராமத்துக்கு வாருங்கள். களை எடுப்புக்கும் நடவுக்கும் பெண்ணுக்கு ஆண் கூலியைவிடக் குறைந்த கூலி என்பது தலைமுறை தலைமுறையாக நடந்தது. "பொம்பளைக்கு இதுதான் வழக்கம்" என்று பெண்களும் வாங்கிக் கொண்டார்கள். 2005ல் இடதுசாரிகளின் ஆதரவில் இருந்த மத்திய சர்க்கார் கொண்டுவந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று எழுதினார்கள். என்ன ஆயிற்று? தமிழகத்தில் அந்த வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்! நிலச்சுவான்தார்கள், "பொம்பளை ஆள் கிடைக்கவில்லை, சோம்பேறி ஆகிவிட்டார்கள்" என்று புலம்பினார்கள். நேற்று வரை திருப்தியாக இருந்தவர்கள் ஒரே நாளில் சோம்பேறி ஆனார்களா? இல்லை. வேறு வழி ஒன்று திறந்தது. பழைய திருப்தி அவிழ்ந்து விழுந்தது.

திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021 ஜனவரியில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் தன் சூபர்வைசரால் கொல்லப்பட்டாள். பெண்களே தலைமை தாங்கும் ஒரு சங்கம் அந்தப் பிணத்தின் மேல் மௌனம் போர்த்த விடவில்லை. 2022ல் வெளிநாட்டு வியாபாரக் கம்பெனியையும் ஏற்றுமதி முதலாளியையும் கட்டுப்படுத்தும் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. புகார் சொன்னால் வேலை போகாது என்ற காவல் வந்த பிறகு, அதுவரை "ஒரு குறையும் இல்லை" என்று இருந்த இடத்தில் குறைகள் வெளியே வரத் தொடங்கின. சங்கம் குறையை உண்டாக்கவில்லை. குறைக்கு வாய் கொடுத்தது.

ஆண் தொழிலாளி ஜெயித்தானா?

இதைப் படிக்கும் ஆண் தோழர் ஒருவர், "அப்படியானால் நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்கிறீர்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

இல்லை. 2021ல் நாட்டில் தற்கொலை செய்து கொண்டவர்கள் 1,64,033 பேர் என்று சர்க்கார் கணக்கே சொல்கிறது. அவர்களில் நாலில் ஒருவர் தினக்கூலி. ஆண்கள் 1,18,979 பேர். கடனும் வேலையின்மையும் அவமானமும் ஆணைக் கொல்கின்றன. மனம் விட்டு அழவும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. 2003 முதல் சர்க்காரே திறந்து வைத்த மதுக்கடையைக் காட்டியிருக்கிறார்கள். அதே வருஷக் கணக்கில் இல்லத்தரசிகள் 23,179 பேரும் இருக்கிறார்கள். "திருப்தியாக வீட்டில் இருக்கிறாள்" என்று யாரைச் சொன்னார்களோ, அவர்கள்தான் இந்த 23,179 பேர்!

யார் அதிகத் துன்பம் என்று ஆணும் பெண்ணும் போட்டி போடுவதல்ல நம் வேலை. ஆணின் அதிருப்தி தனியாக நின்றால் மதுக்கடைக்குப் போகிறது. அங்கிருந்து வீட்டுக்கு வந்து மனைவியின் முதுகில் விழுகிறது. பெண்ணின் அதிருப்தி தனியாக நின்றால் "நல்லாத்தான் இருக்கோம்" என்ற வார்த்தைக்குள் புதைந்து போகிறது. இரண்டையும் முதலாளி வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் சங்கத்தின் வேலை.

நம் பக்கத்துக் குப்பை

அடுத்தவனைத் திட்டிவிட்டுக் கட்டுரையை முடித்துவிட நமக்கு உரிமையில்லை. நம் வீட்டுக் குப்பையையும் கூட்ட வேண்டும்.

நமது கிளைக் கூட்டங்கள் எப்போது நடக்கின்றன? இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில் பெண் தொழிலாளி எங்கே இருப்பாள் என்று மேலே பார்த்தோம். வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, "பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். கோரிக்கைப் பட்டியலில் பஞ்சப்படி முதலில், போனஸ் இரண்டாவது. கக்கூஸும் குழந்தைக் காப்பகமும் பதினாலாவது, பதினைந்தாவது. பேச்சுவார்த்தை மேசையில் முதலில் விட்டுக்கொடுப்பது அந்தப் பதினாலையும் பதினைந்தையும்தான். மேடையில் சமத்துவம் பேசும் தோழர், வீட்டுக்கு வந்ததும் செம்பு எடுத்துத் தண்ணீர் குடிப்பதில்லை. "ஏய், தண்ணி கொண்டா" என்கிறார். நம்மில் பலர் அப்படித்தான். இதை எழுதும் நாமும் விலக்கல்ல.

1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்குமேடை ஏறிய சின்னியம்பாளையம் தியாகிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரையும் வருஷந்தோறும் நினைக்கிறோம். பெண் தொழிலாளர்களைச் சீரழித்த மில் அடியாளுக்கு எதிராகத் தொழிலாளர்கள் எழுந்ததில் பிறந்த வழக்கு அது. பெண் தொழிலாளியின் மானத்துக்காகக் கழுத்தைக் கொடுத்த வழியில் வந்தவர்கள் நாம். அவளுக்காகக் கூட்ட நேரத்தை மாற்றக்கூடாதா? அரை மணி நேரம் பாத்திரம் கழுவக்கூடாதா?

1919லேயே லெனின் எழுதினார்: பொதுச் சாப்பாட்டுக் கூடமும் குழந்தைக் காப்பகமும் சின்ன விஷயங்களல்ல, வீட்டு அடிமைத்தனத்திலிருந்து பெண்ணை விடுவிக்கிற கம்யூனிசத்தின் முளைகள் என்றார். அந்த முளையை நாம் பதினாலாவது கோரிக்கை ஆக்கிவிட்டோம்.

என்ன செய்ய வேண்டும்?

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், பிரசவத்துக்குக் கூலியோடு 26 வார லீவு வேண்டும் என்று 2017ல் சட்டம் திருத்தினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலான நான்கு தொழிலாளர் தொகுப்புகளில் ஒன்றுக்குள் இந்த விதிகளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். உரிமைகளை வெட்டும் அந்தத் தொகுப்புகளை எதிர்ப்போம். அதே சமயம் காகிதத்தில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு விதியையும் அமல் நடத்தச் சொல்லி வாசலில் நிற்போம். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனியில் பாலியல் தொல்லைப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் வருஷச் சட்டம். உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். 2021ல் தமிழகக் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டம் தந்தது. செக்கிங் மேசையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் கேட்பது பேராசையா?

ஒரே வேலைக்கு ஒரே கூலி, கம்பெனியிலும் வயலிலும்!

எட்டு மணி நேர வேலை, மில்லிலும் வீட்டிலும்!

சங்கக் கூட்டம் பெண்கள் வரக்கூடிய நேரத்தில். பேச்சுவார்த்தை மேசையில் பெண் தொழிலாளிக்கு நாற்காலி!

அடுப்பும் துடைப்பமும் இருவருக்கும் பொது!

டீக்கடையில் கேள்வி கேட்ட கட்டிங் மாஸ்டர் தோழருக்கு நமது பதில் இதுதான். உங்கள் மனைவியை "சந்தோஷமா இருக்கறியா?" என்று கேட்காதீர்கள். அவர் "இருக்கறேன்" என்றுதான் சொல்வார். பதிலாக ஒரு வாரம், அவர் எழுந்த நேரம், படுத்த நேரம், உட்கார்ந்து சாப்பிட்ட வேளை, இந்த மூன்றையும் ஒரு காகிதத்தில் நீங்களே எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் நேரத்தையும் எழுதுங்கள். அந்தக் காகிதத்தை அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்கட்டும்.

துவைக்கும் கல்லருகே "இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்று கேட்ட சகோதரிக்கும் நமக்குப் பதில் உண்டு. அம்மா, உங்கள் தாய்க்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்தது. யாரும் தானமாகத் தரவில்லை. கேட்டவர்கள் இருந்ததால் கிடைத்தது. இதற்கு மேலும் வேண்டும். வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு உங்கள் பக்கத்தில் நாங்கள் நிற்கிறோம். நிற்காமல் போனால் எங்களையும் கேளுங்கள்!